ஷட்டர் என்கோடர்: பழைய கல்யாண வீடியோக்களைக் காப்பாற்றும் இலவச மென்பொருள்

எடிட்டிங் மென்பொருளைப் புதுப் பதிப்புக்கு மாற்றிய பிறகு, நேற்றுவரை ஒழுங்காக ஓடிய கோப்பு இன்று அடம்பிடித்தால் நான் முதலில் திறப்பது ஷட்டர் என்கோடரைத்தான். வீடியோ, ஆடியோ கோப்புகளை ஒரு வகையிலிருந்து இன்னொரு வகைக்கு மாற்றித் தரும் மென்பொருள் இது. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். காசு கிடையாது, விருப்பமிருந்தால் நன்கொடை தரலாம். உள்ளே உண்மையான வேலையைச் செய்வது எஃப்எஃப்எம்பெக். ஃபாப்ரிஸ் பெல்லார்ட் 2000-இல் தொடங்கிய அந்தத் திறமூல மென்பொருளை நேரடியாக ஓட்ட வேண்டுமென்றால் கறுப்புத் திரையில் கட்டளைகளைத் தட்ட வேண்டும். ஷட்டர் என்கோடர் அந்தக் கட்டளைகளையே பட்டன்களாக வைத்துத் தருகிறது. கும்பகோணத்தில் ஸ்டுடியோக்களுக்குக் கல்யாண வீடியோ எடிட் செய்து கொடுக்கிறவன் நான். என் தொழிலுக்கு இது பெரிய துணை.

சமீபத்தில் வந்த ஒரு வேலையைச் சொல்கிறேன். 2013-இல் நடந்த கல்யாணம், ஹேண்டிகேமில் எடுத்த எம்டிஎஸ் கோப்புகள். அதைச் சுருக்கிப் புதிதாக எடிட் செய்து தரச் சொல்லி அந்தக் கல்யாணப் பெண்ணே வந்திருந்தார். “தம்பி, வேற எது இல்லாட்டியும் பரவாயில்ல, அப்பா மைக்ல பேசுனது மட்டும் வந்துடணும்” என்றார். அவர் அப்பா இப்போது இல்லை. கோப்புகளை எடிட்டிங் மென்பொருளின் டைம்லைனில் போட்டால் படம் வருகிறது, ஆடியோ டிராக்கே இல்லை. பழைய பதிப்பில் இதே கேமராவின் கோப்புகளைச் சத்தத்தோடு எத்தனையோ முறை எடிட் செய்திருக்கிறேன்.

விஎல்சி பிளேயரில் போட்டுப் பார்த்தேன், நாதஸ்வரம் கணீரென்று கேட்டது. கோப்பு நன்றாகத்தான் இருக்கிறது, எடிட்டிங் மென்பொருளுக்குத்தான் அதைப் படிக்கத் தெரியவில்லை. ஷட்டர் என்கோடரில் கோப்பை இழுத்துப் போட்டு, வலது கிளிக் செய்து தகவலைத் திறந்தால் காரணம் தெரிந்துவிட்டது. படம் எச்.264, ஒலி ஏசி-3 என்ற சுருக்கு முறைகளில் இருந்தன.

இந்த எம்டிஎஸ் கோப்புகள் ஏவிசிஎச்டி என்ற பதிவு முறையைச் சேர்ந்தவை. சோனியும் பானசோனிக்கும் சேர்ந்து 2006-இல் கொண்டுவந்த அந்த முறையில், ஒலியை டால்பியின் ஏசி-3 ஆகவோ சுருக்காத பிசிஎம் ஆகவோ பதியலாம். வீட்டு உபயோக ஹேண்டிகேம்களில் பெரும்பாலும் ஏசி-3 தான் இருக்கும். அதைப் பிரித்துப் படிக்கும் டிகோடரைத் தங்கள் புதிய பதிப்புகளிலிருந்து எடுத்துவிட்டு, கணினியின் இயங்குதளத்தில் இருப்பதை நம்பும் எடிட்டிங் மென்பொருள்கள் உண்டு. புதிதாகக் கணினி வாங்குகிறவர்கள் இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள்: விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பைப் புதிதாக நிறுவினால் ஏசி-3 டிகோடர் கூடவே வராது.

இந்த மாதிரி நேரத்தில் எல்லோரும் சொல்லும் வைத்தியம் “எம்பி4-க்கு கன்வெர்ட் பண்ணிடு” என்பது. இதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். கன்வெர்ட் செய்தால் படம் முழுவதும் மறுபடி சுருக்கப்படும். 2013-இன் ஹேண்டிகேம் படம் ஏற்கெனவே சுருங்கிப்போனது. மண்டப விளக்கொளியில் எடுத்த பட்டுப்புடவையின் ஜரிகை இன்னொரு சுருக்கலில் திட்டுத்திட்டாகிவிடும். மணிக்கணக்கில் காத்திருந்து படத்தைக் கெடுத்துக்கொள்வானேன்?

ஷட்டர் என்கோடரில் எனக்கு மிகவும் பிடித்தது ரீராப். சாம்பாரைத் தொடாமல் பாத்திரத்தை மட்டும் மாற்றுவது போன்ற வேலை இது. எச்.264 படம் ஒரு புள்ளிகூட மாறாமல் எம்டிஎஸ்-இலிருந்து எம்ஓவி-க்குப் போகிறது. ஒலியை மட்டும் பிசிஎம் ஆக மாற்றச் சொன்னேன். படத்தை மறுபடி சுருக்கும் வேலையே இல்லாததால், வன்தட்டில் கோப்பை நகலெடுக்கிற நேரம்தான் ஆகும். முடிந்ததும் டைம்லைனில் போட்டால் ஒலி அலை முழுசாக வந்து விழுந்தது. அவர் அப்பா மைக்கை இரண்டு தட்டு தட்டி, “எல்லாரும் இருந்து சாப்பிட்டுட்டுத்தான் போகணும்” என்று சொல்வது அப்படியே தெளிவாகக் கேட்டது.

எம்டிஎஸ் கோப்புகளில் இன்னொரு சிக்கலும் உண்டு. நீளமான பதிவை கேமரா துண்டு துண்டாக உடைத்துத்தான் கார்டில் எழுதும். தனித்தனியாக எடிட்டரில் போட்டால் சேரும் இடத்தில் சில ஃபிரேம்கள் ஒலி விட்டுப்போகும். தாலி கட்டும் நேரத்தில் அந்த இடம் வந்தால் கெட்டிமேளத்தில் ஒரு வெட்டு விழும். கார்டில் இருக்கும் முழு ஃபோல்டரையும் அப்படியே நகலெடுத்து வைப்பதுதான் நல்லது. அது இல்லாமல் வெறும் துண்டுகள் மட்டும் கைக்கு வந்தால் ஷட்டர் என்கோடரின் மெர்ஜ் வழியாகச் சேர்த்துப் பார்க்கலாம். சேர்த்த இடத்தைக் காதால் கேட்டுச் சரிபார்க்காமல் மட்டும் விடாதீர்கள்.

ரீராப் எல்லாவற்றுக்கும் மருந்தல்ல. செல்போனில் எடுத்த வீடியோக்களில் ஃபிரேம் ரேட், அதாவது நொடிக்கு எத்தனை ஃபிரேம் என்ற கணக்கு, பெரும்பாலும் நிலையாக இருக்காது. தகவல் பக்கத்தில் ‘வேரியபிள்’ என்று இருந்தால், ஆரம்பத்தில் உதட்டசைவோடு ஒட்டிப்போகும் பேச்சு போகப்போக விலகக்கூடும். அதற்குப் பாத்திரம் மாற்றிப் பயனில்லை, நிலையான ஃபிரேம் ரேட்டுக்கு மறுபடி என்கோட் செய்தே தீர வேண்டும். அப்போது நான் போவது புரோரெஸ்ஸுக்கு. எடிட்டிங்குக்கென்றே ஆப்பிள் செய்த, படத்தை அதிகம் கெடுக்காத சுருக்கு முறை அது. இங்கே இடக்கணக்கு முக்கியம். 1080 அளவில் நொடிக்கு 25 ஃபிரேம் வீடியோ என்றால் புரோரெஸ் 422 ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 55 ஜிபி பிடிக்கும், அதிலேயே இடம் குறைவாகப் பிடிக்கும் எல்டி வகை சுமார் 38 ஜிபி. நொடிக்கு 24 மெகாபிட்டில் எடுத்த ஏவிசிஎச்டி ஒரு மணி நேரத்துக்கு 11 ஜிபி-க்குள் அடங்கிவிடும். செல்போன் வீடியோவுக்கு எல்டி தாராளம். 422 எச்கியூ போட்டால் 83 ஜிபி வரை போகும், படம் அதனால் அழகாகிவிடாது.

பழைய ஸ்டுடியோக்களில் பின்னணிக்கு ஓடவிடும் பூத்தூவல் லூப்கள் சொரன்சன், சினிபேக் என்ற பழைய குவிக்டைம் சுருக்கு முறைகளின் காலத்தவை. விண்டோஸுக்கான குவிக்டைமுக்கு ஆப்பிள் 2016-இல் ஆதரவை நிறுத்தியது, 2019-இல் மேக்ஓஎஸ் கேட்டலினாவில் 32-பிட் செயலிகள் ஓடாமல் போயின, அந்தக் கோப்புகளும் அநாதையாகிவிட்டன. எஃப்எஃப்எம்பெக் இவற்றை இன்னும் படிக்கிறது. ஒரு தடவை புரோரெஸ்ஸாக மாற்றி வைத்துவிட்டால் போதும்.

புதிய கேமராக்களின் 10-பிட் 4:2:2 எச்.265 கோப்புகள், அதாவது நிற விவரம் அதிகமாக வைத்திருப்பவை, எடிட்டரில் திறக்கும், ஆனால் பல கணினிகளில் திக்கித் திக்கி ஓடும். கிராபிக்ஸ் கார்டு அந்த வகையை நேரடியாகப் பிரிக்குமா என்பதுதான் விஷயம். என்விடியாவின் ஜிஃபோர்ஸ் கார்டுகளில் ஆர்டிஎக்ஸ் 50 வரிசையில்தான் அது வந்தது. பழைய கார்டு வைத்திருக்கிறவர்கள் ப்ராக்ஸி, அதாவது எடிட் செய்ய மட்டும் ஒரு லேசான நகல், செய்து எடிட் செய்துவிடலாம்.

குறை இல்லாமல் இல்லை. முகப்பு நெரிசலாக இருக்கிறது, எழுத்து பொடி. நாம் தேர்ந்தெடுக்கும் வேலைக்குத் தக்கபடி பக்கத்தில் பெட்டிகள் மாறிக்கொண்டே இருப்பதால் புதிதாக வருகிறவருக்குத் தலை சுற்றும். எந்தச் சிக்கலுக்கு எந்த வேலை என்று அதுவாகச் சொல்லாது, கோடெக் (எச்.264, ஏசி-3 போன்ற சுருக்கு முறை) பற்றிக் கொஞ்சமாவது தெரிந்திருக்க வேண்டும். எம்பி4 மட்டும் வேண்டும் என்கிறவர்களுக்கு ஹேண்ட்பிரேக் என்ற இன்னொரு இலவச மென்பொருள் எளிது. ஆனால் அதில் ஒவ்வொரு முறையும் படத்தை மறுபடி சுருக்கியாக வேண்டும், ரீராப் கிடையாது. அதனாலேயே நான் ஷட்டர் என்கோடரில் நிற்கிறேன்.

பாதி முடிந்த புராஜெக்ட் வைத்திருப்பவர்கள் ரீராப் செய்த கோப்புக்குப் பழைய பெயரையே வையுங்கள். கோப்புகளை மறுபடி இணைக்கும் பெட்டியில் ‘எக்ஸ்டென்ஷன்’ பொருந்த வேண்டும் என்ற டிக் இருந்தால் எடுத்துவிடுங்கள். எம்டிஎஸ் இருந்த இடத்தில் எம்ஓவி வந்து உட்காரும், வெட்டிய வெட்டு எதுவும் நகராது. மூல எம்டிஎஸ் கோப்புகளை மட்டும் அழிக்க வேண்டாம், வாடிக்கையாளருக்கு நான் வன்தட்டில் திருப்பித் தருவது இரண்டையும்தான்.