பில்லில் ஃபிரேம் நம்பர் எழுதித் தராத கடையில் சைக்கிள் வாங்காதீர்கள்

நெதர்லாந்துக்குப் புதிதாக வருகிறவர்கள் வீடு கிடைத்த கையோடு தேடுவது சைக்கிளைத்தான். மக்கள்தொகையை விட சைக்கிள்கள் அதிகமாக உள்ள நாடு இது. வேலைக்கு, கடைக்கு, பிள்ளையைப் பள்ளியில் விட என்று எல்லாவற்றுக்கும் அதுதான். நம் அவசரத்தை வைத்தே பிழைப்பு நடத்தும் கடைகளும் இங்கே இருக்கின்றன. ஐன்ட்ஹோவனில் அப்படி ஒரு கடையில் நான் ஏமாற்றப்பட்டேன். போன வாரம் ஆபீஸில் புதிதாகச் சேர்ந்த பெண், "அக்கா, ஒரு கடை பாத்து வெச்சிருக்கேன், ரொம்ப சீப்" என்று அதே கடையைச் சொன்னாள். இன்னொருவர் பணமும் அங்கே போகக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

பழைய சைக்கிள்களை வாங்கிச் சரிசெய்து விற்கும் கடை அது. நான் வாங்கியது கறுப்பு நிறம். கையில் பிரேக் கிடையாது, பெடலைப் பின்பக்கமாக மிதித்தால் நிற்கும் வகை. விலை 165 யூரோ. சர்வீஸ் செய்தாகிவிட்டது, மூன்று மாதம் கேரண்டி என்றார் கடைக்காரர். சங்கிலிப் பூட்டு தனியாக 40 யூரோ. "இன்ஷூரன்ஸ்காரர்கள் கேட்கிற தரம் இதுதான்" என்று அவரே எடுத்துக் கொடுத்தார். பில்லில் 'பழைய சைக்கிள் 1, பூட்டு 1' என்று மட்டும் எழுதினார். ஃபிரேம் நம்பரையும், அதாவது சைக்கிளின் சட்டத்தில் பொறித்திருக்கும் தனி எண்ணையும் எழுதுங்கள் என்று கேட்டேன். கம்ப்யூட்டரில் இருக்கிறது, சாயங்காலம் மெயிலில் அனுப்புகிறேன் என்றார். பின்சக்கரத்தோடு வரும் வளையப் பூட்டுக்கு ஒரு சாவிதான் தந்தார். இன்னொன்று உள்ளே எங்கோ இருக்கிறதாம், பிறகு வந்து வாங்கிக்கொள்ளச் சொன்னார். மெயிலும் வரவில்லை, சாவியும் வரவில்லை. நேரில் போய்க் கேட்டால் முதலாளி இல்லை என்பார்கள்.

திருட்டுக்கு இன்ஷூரன்ஸ் எடுக்கப் போனபோதுதான் கடையின் வண்டவாளம் தெரிந்தது. ஃபிரேம் நம்பர் வேண்டும், பூட்டின் தரச்சான்று வேண்டும் என்றார்கள். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடல் அச்சுக்கு அடியில் பிடித்திருந்த கிரீஸைத் துணியால் துடைத்து, போன் டார்ச்சை அடித்துப் பார்த்தேன். எண் இருக்க வேண்டிய இடத்தில் அரம் போட்டுத் தேய்த்த கோடுகள். அதன்மேல் கெட்டியாகக் கறுப்பு பெயிண்ட். நகத்தால் சுரண்டியபோது ஒரு 4, பாதி அழிந்த ஒரு 7, அவ்வளவுதான் தெரிந்தது. சீட்டைத் தாங்கும் குழாயிலும் ஹேண்டில்பாருக்குக் கீழே உள்ள கழுத்திலும் தேடினேன். அங்கேயும் ஒன்றுமில்லை. பூட்டில் ஏஆர்டி (பூட்டுகளைச் சோதித்துத் தரும் டச்சு தரச்சான்று) முத்திரையும் இல்லை. இங்கே இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் வழக்கமாகக் கேட்பது இரண்டு நட்சத்திர ஏஆர்டி சான்று பெற்ற பூட்டைத்தான்.

கடைக்காரரிடம் போட்டோவைக் காட்டினேன். "பழைய சைக்கிள் என்றால் அப்படித்தான் இருக்கும்" என்றார். பணம் திரும்ப வராது, பயன்படுத்திய பூட்டை மாற்ற முடியாது என்றும் சொன்னார். யாரிடமிருந்து வாங்கினீர்கள் என்று கேட்டதும் பேச்சை நிறுத்திவிட்டு அடுத்த ஆளைக் கவனிக்கப் போய்விட்டார். எனக்குக் கோபம் வந்தது இந்தக் கேள்வியில்தான். பழைய பொருட்களை வாங்கி விற்கும் வியாபாரி, தான் வாங்கியதைப் பதிவேட்டில் எழுதி வைக்க வேண்டும் என்று இங்கே சட்டமே இருக்கிறது. அவரால் பதில் சொல்ல முடியவில்லை என்றால் என்ன அர்த்தம்?

வாங்குகிறவரையும் சட்டம் சும்மா விடாது. திருட்டுப் பொருள் என்று தெரிந்து வாங்கினால் மட்டுமல்ல, சந்தேகப்பட்டிருக்க வேண்டிய நிலையில் வாங்கினாலும் குற்றம்தான். ரயில் நிலையத்துக்கு வெளியே ஒருவர் வந்து 30 யூரோவுக்கு சைக்கிள் தருகிறேன் என்றால் நின்று பேசக்கூட வேண்டாம். வேலை விசாவில் இருக்கிற நமக்கு போலீஸ் வழக்கு சின்ன விஷயமில்லை.

அந்தச் சைக்கிளும் நிலைக்கவில்லை. ஒரு நாள் காலையில் கீழே வந்து பார்த்தால் ஸ்டாண்டில் வெட்டுப்பட்ட சங்கிலி மட்டும் கிடந்தது. வெட்டிய இடம் பளபளவென்று இருந்தது. கண்ணி பென்சில் தடிமன்கூட இல்லை. நாற்பது யூரோ பூட்டு! போலீஸ் புகாரை இணையத்திலேயே கொடுத்தேன், ஃபிரேம் நம்பர் கட்டத்தைக் காலியாக விட்டு. எண் இல்லாத ஒரு கறுப்பு சைக்கிளை இந்த நாட்டில் யாரால் தேடிக் கண்டுபிடிக்க முடியும்?

அதனால், பணம் கொடுக்கும் முன்பே சைக்கிளைத் திருப்பிப் போடச் சொல்லி எண்ணை உங்கள் கண்ணால் பாருங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும். டச்சு போலீஸின் 'ஸ்டாப்ஹெலிங்' தளத்தில் அந்த எண்ணைப் போட்டால், திருடு போனதாகப் பதிவாகியிருக்கிறதா என்று அங்கேயே தெரிந்துவிடும். இலவசம்தான். பதிவில் இல்லை என்பதாலேயே சுத்தமான வண்டி என்று ஆகிவிடாது, எல்லோரும் புகார் கொடுப்பதில்லை. ஆனால் எண் தேய்க்கப்பட்டிருந்தால் அதற்கு மேல் யோசிக்கவே வேண்டாம், வெளியே வந்துவிடுங்கள். பில்லில் எண், பிராண்ட், நிறம், கடை முகவரி எல்லாம் இருக்க வேண்டும். "அப்புறம் அனுப்புகிறேன்" என்ற பேச்சுக்கே இடம் கொடுக்காதீர்கள். சாவி எத்தனையோ அத்தனையும் கைக்கு வர வேண்டும். நஷ்டஈடு கேட்கும்போது எல்லாச் சாவிகளையும் ஒப்படைக்கச் சொல்லும் கம்பெனிகள் உண்டு. தெருவில் ஒரு சுற்று ஓட்டி, பின்மிதி பிரேக் சட்டென்று பிடிக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

பூட்டு எப்போதும் இரண்டு. பின்சக்கரத்துக்கு வளையப் பூட்டு. அது மட்டும் இருந்தால் சைக்கிளை அப்படியே தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். சங்கிலியை ஃபிரேம், முன்சக்கரம் இரண்டிலும் நுழைத்து, நகராத கம்பியோடு சேர்த்துப் பூட்டுங்கள். சங்கிலி தரையில் படக்கூடாது. தரையில் கிடந்தால் வெட்டுக் கருவியின் ஒரு கையைக் கீழே ஊன்றி முழு எடையையும் போட்டு அழுத்திவிடலாம். ரயிலில் வேலைக்குப் போகிறவர்கள் காவல் உள்ள நிறுத்தத்தில் விடுங்கள். உட்ரெக்ட் நிலையத்தில் உள்ள பெரிய நிறுத்தத்தில் மட்டும் 12,500 சைக்கிள்கள் நிற்க இடம் இருக்கிறது, முதல் 24 மணி நேரத்துக்குக் கட்டணம் இல்லை. மழைக்குப் பயந்து வாசலிலேயே சாத்திவிட்டு ஓடாதீர்கள்.

கடைக்காரர்மேல் நான் என்ன செய்தேன் என்று கேட்பீர்கள். பழைய பொருளாக இருந்தாலும் வியாபாரி விற்பது உருப்படியாக இருக்க வேண்டும் என்பது இங்கே வாங்குபவரின் உரிமை. அரசின் நுகர்வோர் உதவித் தளமான 'கான்ஸுவைசரில்' மாதிரிக் கடிதங்கள் கிடைக்கின்றன. அதைப் பார்த்து எழுதி, பதிவுத் தபாலில் கெடு வைத்து அனுப்பினேன். கெடு முடிந்துவிட்டது, பதில் இல்லை. எண் தேய்த்த போட்டோக்களோடு போலீஸுக்கும் விவரம் சொல்லியிருக்கிறேன்; அவசரமில்லாத விஷயங்களுக்கு 0900-8844. ஐன்ட்ஹோவனில் இந்த மாதம் சைக்கிள் வாங்கப் போகிறவர்கள் எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள். கடைப் பெயரைச் சொல்கிறேன், சனிக்கிழமை என்றால் கூடவும் வருகிறேன்.