ட்ரான்ஸ்ஃபார்மர் எண்ணெய் சோதனை: இந்த ஆய்வகத்தைக் கூப்பிடலாமா?

எங்கள் நூற்பாலையின் 110/11 கேவி ட்ரான்ஸ்ஃபார்மர் 1994-இல் வந்தது. உள்ளே கோளாறு இருக்கிறதா என்று அறிய, எண்ணெயில் கரைந்த வாயுக்களைப் பார்க்கக் கோவை ஆய்வகம் ஒன்றைக் கூப்பிட்டோம். மாதிரி எடுக்க வந்த தம்பி விவரமானவர். வால்வில் தேங்கியதை வடியவிட்டு, கண்ணாடி சிரிஞ்சில் குமிழி இல்லாமல் பிடித்தார். வாய் சரியாக மூடாத பாட்டிலில் பிடித்தால் முதலில் நழுவுவது ஹைட்ரஜன்தான்.

அறிக்கையில், எண்ணெயில் மின்பொறி (ஆர்க்) அடித்தால் உண்டாகும் அசெட்டிலீன் வாயு தென்பட்டது. உள்ளே ஆர்க் அடிக்கிறதோ என்று மேனேஜர் பதறினார். "டேப் சேஞ்சர் எண்ணெய் மெயின் டேங்கில் கசிகிறதா பாருங்கள் சார்" என்று ஆய்வகத்தார் போனிலேயே சொன்னார்கள். மின்னழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் டேப் சேஞ்சரில் பொறி அடிப்பது வழக்கம்தான். பார்த்தால், சீல் போயிருந்தது! கொடுத்த காசு இதற்கே சரி.

குறையும் உண்டு. கார்பன் மோனாக்சைடு ஏறியதற்கு, 'காகித இன்சுலேஷன் பழசு' என்று ஒரே வரி. காகிதம் எவ்வளவு நைந்திருக்கிறது என்று எண்ணெயை வைத்தே காட்டும் ஃபியூரான் சோதனையை நாமே கேட்டு வாங்கவேண்டும். பழைய ட்ரான்ஸ்ஃபார்மருக்கு அதுவல்லவா முக்கியம்? வாயு விகிதத்தை வைத்துக் கோளாறின் வகையைக் காட்டும் டுவால் முக்கோண வரைபடத்தைக் கலரில் அச்சிட்டவர்கள், முந்தைய அறிக்கையோடு ஒப்பிடவில்லை. வாயு எவ்வளவு இருக்கிறது என்பதைவிட எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்பதுதான் எனக்கு வேண்டும். அடுத்த முறையும் இவர்களைத்தான் கூப்பிடுவேன், பழைய எண்களைக் கையில் கொடுத்து.