200 மணி நேரப் பறப்பும் 28 மாதங்களும்: நான் படித்த விமானப் பயிற்சிப் பள்ளி

வணிக விமானி உரிமம் பெறுவதற்காக, மத்திய இந்தியாவில் உள்ள ஒரு விமானப் பயிற்சிப் பள்ளியில் 2021 செப்டம்பரில் சேர்ந்தேன். சேர்க்கையின்போது 14 மாதங்களில் பயிற்சி முடிந்துவிடும் என்று சொன்னார்கள். முடித்தது 2024 ஜனவரியில். அதன் பிறகு, ஒரு குறிப்பிட்ட விமான வகையை ஓட்டுவதற்கான டைப் ரேட்டிங் பயிற்சியை முடித்து, இன்று ஒரு விமான நிறுவனத்தில் துணை விமானியாக இருக்கிறேன். பள்ளியை விட்டு வந்த வாரத்திலேயே இதை எழுதியிருந்தால் கோபம்தான் மிஞ்சியிருக்கும். அங்கே கற்றதில் எது நின்றது, எது நிற்கவில்லை என்பது வேலையில் சேர்ந்த பிறகே எனக்குத் தெளிவானது. ஊரிலிருந்து பெற்றோர்கள் தொலைபேசியில் அழைத்து, “அந்தப் பள்ளி எப்படித் தம்பி, பையனைச் சேர்க்கலாமா?” என்று கேட்கும்போதெல்லாம் ஒரு வரியில் பதில் சொல்ல முடியாமல் திணறுகிறேன். அந்தப் பதிலைத்தான் இங்கே விரிவாக எழுதுகிறேன்.

முதலில் பள்ளியின் நல்ல பெயரைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதை நம்பித்தான் நானும் சேர்ந்தேன். அலுவலகச் சுவர் முழுவதும் பெரிய விமான நிறுவனங்களில் வேலை பெற்ற மாணவர்களின் படங்கள் இருந்தன. அவை அனைத்தும் உண்மையானவை. அவர்களில் சிலரை நான் பின்னர் நேரில் சந்தித்தேன். ஆனால் எந்தப் படத்தின் கீழும் அவர் எந்த மாதம் சேர்ந்தார், எந்த மாதம் முடித்தார் என்று எழுதியிருக்கவில்லை. நானும் கேட்கவில்லை, உடன் வந்திருந்த அப்பாவும் கேட்கவில்லை. வேலை கிடைப்பதைத் தீர்மானிப்பவை பெரும்பாலும் சந்தை நிலவரமும் மாணவரின் உழைப்பும்தான். பள்ளி நேரடியாகப் பொறுப்பேற்க வேண்டியது, பணம் கட்டிய மாணவரை எவ்வளவு தொடர்ச்சியாகப் பறக்க வைக்கிறது என்பதற்கு.

இந்தியாவில் வணிக விமானி உரிமத்துக்கு, விமானப் போக்குவரத்து ஒழுங்குமுறை அமைப்பான டி.ஜி.சி.ஏ.வின் விதிப்படி குறைந்தது 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அதில் 100 மணி நேரம் விமானத்தின் பொறுப்பு விமானியாகப் பறந்தது. இரவுப் பறப்பும், கருவிகளை மட்டும் பார்த்துப் பறக்கும் பயிற்சியும், 300 கடல் மைல் தொலைவுள்ள ஒரு நெடும்பயணமும் அதற்குள் அடங்கும். எங்கள் பள்ளியின் பட்டியலில் 5 விமானங்கள் இருந்தன; ஆனால் 50 மணி நேரப் பராமரிப்பு, 100 மணி நேரப் பராமரிப்பு, உதிரிபாகத்துக்காகக் காத்திருப்பு என்று எப்போதும் இரண்டு கொட்டகையில் நிற்கும். மிஞ்சிய 3 விமானங்கள் நாளொன்றுக்கு 6 மணி நேரம் வீதம் மாதத்தில் 24 நாட்கள் பறந்தால் 432 மணி நேரம் வரும். பறக்கும் நிலையில் இருந்த மாணவர்கள் ஏறத்தாழ 60 பேர். ஒருவருக்கு மாதம் 7 மணி நேரம் கிடைக்கும்; அந்த வேகத்தில் 200 மணி நேரத்தை எட்ட 28 மாதங்கள் ஆகும். எனக்கு ஆனதும் சரியாக அவ்வளவுதான். இந்தக் கணக்கைச் சேர்வதற்கு முந்தைய நாளே ஒரு தாளில் போட்டிருக்க முடியும் என்பதுதான் இன்றும் என் மனத்தை அறுக்கிறது.

தாமதத்தைச் சலிப்பு தரும் காத்திருப்பாக மட்டும் பார்ப்பவர்கள், அது கற்றலை எப்படிக் கெடுக்கிறது என்பதைக் கவனிப்பதில்லை. விமானம் தரையைத் தொடும் கடைசி சில விநாடிகளில் மூக்கை எப்போது, எவ்வளவு தூக்குவது என்ற உணர்வு புத்தகத்திலிருந்து வருவதில்லை. அடுத்தடுத்த நாட்களில் சர்க்யூட் சுற்றி (ஓடுதளத்தை வட்டமிட்டு மறுபடி மறுபடி இறங்குவது), பத்து முறை தவறாக இறங்கி, பதினோராவது முறை கண்ணும் கையும் ஒத்துப்போகும்போது வருவது. நான் 18 மணி நேரம் முடித்துத் தனிப்பறப்புக்குத் தயாராக இருந்த சமயம், ஒரு விமானத்தின் எஞ்சின் பழுதாகி, கூடவே மோசமான வானிலையும் சேர்ந்துகொண்டு, 41 நாட்கள் பறக்கவில்லை. திரும்பி வந்தபோது தரையிறக்கம் முழுவதும் கைவிட்டுப் போயிருந்தது. மறுபடியும் பயிற்றுநருடன் சர்க்யூட் பறந்து, 26 மணி நேரத்தில்தான் தனியாக விமானத்தை எடுத்துச் சென்றேன். இடையில் போன அந்த 8 மணி நேரத்துக்கும் என் கணக்கிலிருந்துதான் பணம் கழிந்தது. இதே கதை டிசம்பர், ஜனவரி மாதங்களின் மூடுபனிக் காலத்திலும் நடந்தது. வானிலைக்குப் பள்ளி பொறுப்பில்லை என்பது நியாயம். ஆனால் வானிலை ஒத்துழைக்கும் மாதங்களில் வேகமாகப் பறக்கப் போதிய விமானம் இல்லாததற்குப் பள்ளிதான் பொறுப்பு.

கட்டண விவரத்துக்கு வருகிறேன். அச்சிட்ட கட்டணம் 42 லட்சம் ரூபாய். அதை நான்கு தவணைகளாகப் பிரித்திருந்தார்கள், ஆனால் தவணைகள் பறந்த மணி நேரத்தோடு இணைக்கப்படாமல், நாட்காட்டியோடு இணைக்கப்பட்டிருந்தன. பத்தாவது மாதத்தில் முழுப் பணமும் கட்டி முடித்திருந்தோம். அப்போது என் பதிவேட்டில் இருந்தது 58 மணி நேரம். முழுத் தொகையும் ஏற்கெனவே கைமாறிவிட்ட பிறகு, குடும்பத்தால் கேட்க முடிவதெல்லாம் கெஞ்சலாகத்தான் முடிகிறது. வீட்டை அடமானம் வைத்து 11 விழுக்காடு வட்டியில் 30 லட்சம் கல்விக் கடன் எடுத்திருந்தோம். கூடுதலான 14 மாதங்களுக்கு வட்டி மட்டும் 3,85,000 ரூபாய். விடுதிக்கும் சாப்பாட்டுக்கும் மாதம் 14,000 வீதம் 1,96,000. இடைவெளிகளால் 200-ஐத் தாண்டிப் பறக்க நேர்ந்த 11 மணி நேரத்துக்கு, மணிக்கு 14,500 வீதம் 1,59,500. ஆக, தாமதத்துக்கு மட்டும் எங்கள் வீடு கொடுத்த விலை ஏறக்குறைய 7,40,000 ரூபாய். முதல் வகுப்பு மருத்துவச் சான்றிதழ் ஓராண்டுக்கு மட்டுமே செல்லும் என்பதால் அதை இரண்டு முறை புதுப்பிக்கச் சென்ற செலவை இதில் சேர்க்கவில்லை.

தாமதம் இன்னொரு வகையிலும் கடிக்கும். உரிமத்துக்கு விண்ணப்பிக்கும்போது முந்தைய ஆறு மாதங்களுக்குள் 15 மணி நேரமாவது பறந்திருக்க வேண்டும். திறன் தேர்வுகளும் அந்தக் காலத்துக்குள் இருக்க வேண்டும். என்னோடு தங்கியிருந்த ஒரு நண்பர் 200 மணி நேரத்தை முடித்தும், ஆர்.டி.ஆர். எனப்படும் வானொலித் தேர்வில் தேறக் காலதாமதம் ஆனதால், அந்த 15 மணி நேரத்தைச் சொந்தப் பணத்தில் மறுபடி பறந்தார்.

இவ்வளவையும் சொன்ன பிறகு, பயிற்சியின் தரத்தைப் பற்றி நான் எழுதப்போவது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். அது நன்றாக இருந்தது. தலைமைப் பயிற்றுநர் கண்டிப்பானவர். 2,500 அடி உயரத்தில் சாதாரணமாகப் பேசிக்கொண்டே எஞ்சின் விசையைப் பின்னுக்கு இழுத்துவிட்டு, “இப்போது எங்கே இறங்குவாய்?” என்று கேட்பார். செஸ்னா 172 என்ற சிறு பயிற்சி விமானத்தில், எஞ்சின் இல்லாமல் சறுக்கிச் செல்வதற்கான 68 நாட் (மணிக்கு 68 கடல் மைல்) வேகத்தைப் பிடித்து, காற்றின் திசை பார்த்து, வயலைத் தேர்ந்து, அதன் பிறகே சரிபார்ப்புப் பட்டியலைத் தொட வேண்டும். வரிசை மாறினால் மேலேறி மறுபடி தொடங்கச் சொல்வார். இறங்கிய பிறகு நடக்கும் விளக்கவுரையைப் பறந்த நேரத்தைவிட நீளமாக நடத்துவார். இரண்டு ஆண்டுகள் கழித்து, சிமுலேட்டரில் எஞ்சின் தீப்பிடித்த நிலையில் என் கை அவசரப்படாமல் இருந்ததற்கு அவர்தான் காரணம் என்று நான் உறுதியாக நம்புகிறேன். அவருக்குக் கீழே இருந்த இளம் பயிற்றுநர்கள் மட்டும் விமான நிறுவனங்களிலிருந்து அழைப்பு வந்ததும் போய்விடுவார்கள். 28 மாதங்களில் நான் ஐந்து பேரிடம் பறந்தேன். ஒவ்வொரு புதியவரும் முந்தையவர் சொல்லிக்கொடுத்ததை முதலிலிருந்து சோதித்துப் பார்ப்பார்.

பாதுகாப்பில் அந்தப் பள்ளியைக் குறை சொல்ல எனக்கு எதுவும் இல்லை. ஒரு மழைக்காலக் காலையில், பறக்கும் முன் எரிபொருளை வடித்துப் பார்த்தபோது, ஏவ்கேஸ் எனும் நீல நிற விமானப் பெட்ரோலுக்கு அடியில் நிறமற்ற நீர் தனியாகத் தெரிந்தது. நான் முதலில் தயங்கினேன், ஏனென்றால் அன்று பறக்க எட்டுப் பேர் வரிசையில் இருந்தார்கள். பொறியாளரிடம் சொன்னதும் அவர் ஒரு வார்த்தை முணுமுணுக்காமல் விமானத்தை அன்று முழுவதும் நிறுத்தினார். பறக்காத நேரத்தைப் பறந்ததாக எழுதும் வழக்கமும் அங்கே இல்லை. 2011-இல் போலி மதிப்பெண் பட்டியல்களால் உரிமம் பெற்ற விமானிகள் பிடிபட்டதும், ராஜஸ்தானில் பறக்காத மணி நேரங்களைப் பதிவேட்டில் ஏற்றிய விவகாரம் வெளிவந்ததும் அறிந்தவர்களுக்கு, இது எவ்வளவு பெரிய விஷயம் என்று புரியும். 28 மாதங்கள் ஆனாலும் என் பதிவேட்டில் உள்ள ஒவ்வொரு வரியும் நான் உண்மையில் பறந்தது. அதற்காக அந்தப் பள்ளிக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

வேலைக்குப் போன பிறகு தெரிந்த ஒரு குறை, வானொலித் தொடர்பு. எங்கள் ஓடுதளத்தில் எங்கள் விமானங்களைத் தவிர வேறு எதுவும் இல்லை. நெடும்பயணத்தின்போது நாக்பூரில் இறங்கியதுதான் பெரிய விமான நிலையத்தோடு எனக்கிருந்த முதல் பழக்கம். கட்டுப்பாட்டாளர் அடுத்தடுத்துத் தந்த அறிவுறுத்தல்களில் பாதியை மட்டுமே திருப்பிச் சொன்னேன். போக்குவரத்துள்ள நிலையத்தில் பயின்றவர்கள் இதில் முதல் நாளிலிருந்தே இயல்பாக இருந்தார்கள். ஆனால் அங்கே பயணிகள் விமானங்களுக்காகத் தரையில் எஞ்சினை ஓட்டிக்கொண்டு காத்திருக்கும் நிமிடங்களும் கட்டணத்தில் ஏறும் என்று அவர்களே சொன்னார்கள்.

இப்போது சேர்பவர்களுக்கு நான் சேர்ந்தபோது இல்லாத ஓர் உதவி இருக்கிறது. 2025 அக்டோபர் முதல் டி.ஜி.சி.ஏ. பயிற்சிப் பள்ளிகளைத் தரவரிசைப்படுத்தி வெளியிடுகிறது; மதிப்பெண்ணில் 40 விழுக்காடு விமானங்களின் எண்ணிக்கை, மாணவர் விகிதம் உள்ளிட்ட செயல்பாட்டுக்கே ஒதுக்கப்பட்டிருக்கிறது. முதல் பட்டியலில் உயர்ந்த இரண்டு பிரிவுகளிலும் ஒரு பள்ளிகூட இடம்பெறவில்லை. அந்த ஒரு செய்தியைப் படித்தபோது, என் பள்ளி மட்டும் தனித்த விதிவிலக்காக இருந்திருக்காது என்று புரிந்தது. சேலம் விமான நிலையம் உட்படப் புதிய இடங்களில் பள்ளிகளுக்கு இடம் ஒதுக்கப்பட்டிருப்பதால் நம் ஊர்ப் பிள்ளைகளுக்குத் தெரிவுகள் கூடும். எங்கே சேர்ந்தாலும் அந்தப் பட்டியலைப் பார்த்துவிட்டுச் சேரட்டும்.

பட்டியல் ஆண்டுக்கு இருமுறைதான் வரும். இடைப்பட்ட நிலவரத்தை விடுதியில்தான் அறிய முடியும். 20 மணி நேரம் பறந்தவர் உற்சாகமாகப் பேசுவார். 120 மணி நேரத்தில் நிற்பவரிடம் கடந்த மூன்று மாதங்களில் எத்தனை மணி நேரம் பறந்தீர்கள் என்று கேட்டு, முடிந்தால் பதிவேட்டைக் காட்டச் சொல்லுங்கள்.

சென்ற மாதம் என் சித்தி மகனை வேறொரு பள்ளிக்கு அழைத்துச் சென்றேன். அலுவலகத்துக்குள் போகும் முன், காலை 6 மணியிலிருந்து 11 மணி வரை வேலி ஓரத்தில் நின்று, புறப்பட்ட விமானங்களை ஒரு குறிப்பேட்டில் எழுதினோம். 4 விமானங்கள், 17 புறப்பாடுகள். அதன் பிறகு உள்ளே சென்று, ஒவ்வொரு 50 மணி நேரமும் பறந்து முடித்த பிறகே அடுத்த தவணை கட்டுவோம் என்று கேட்டோம். மேலாளர் முதலில் மறுத்தார். மறுநாள் அழைத்து, ஒப்பந்தத்தில் அப்படியே எழுதித் தருவதாகச் சொன்னார். அவன் அடுத்த மாதம் சேர்கிறான்.