ஹௌட்டன் மாளிகை: வால்போலின் வீட்டை ஊரிலிருந்து பார்க்கத் தொடங்குங்கள்

இங்கிலாந்தின் நார்ஃபோக் பகுதியில், கிங்ஸ் லின் நகரத்துக்கு வடகிழக்கே உள்ள ஹௌட்டன் மாளிகைக்குப் போகிறவர்கள் காரை நிறுத்தியதும் வீட்டுக்குள் விரையாமல், முதலில் பூங்காவின் தெற்கு வாசலுக்கு வெளியே இருக்கும் சிற்றூரைப் பார்த்துவிட வேண்டும் என்பது என் முதல் பரிந்துரை. வெள்ளையடித்த வீடுகள் சாலையின் இருபுறமும் எதிரெதிராக, அளந்து வைத்தாற்போல் நிற்கின்றன. ஊர் முதலில் அங்கே இல்லை. பிரிட்டனின் முதல் பிரதமராகக் கருதப்படும் ராபர்ட் வால்போல், தம் புதிய மாளிகையைச் சுற்றி விரிந்த பூங்கா வேண்டும் என்பதற்காக 1729 வாக்கில் பழைய ஊரை எடுத்துவிட்டு, குடியிருந்தவர்களுக்கு வாசலுக்கு வெளியே இந்த வீடுகளைக் கட்டிக்கொடுத்தார். பழைய ஊரின் தேவாலயம் மட்டும் பூங்காவின் நடுவே தனியாக நின்றுவிட்டது.

வால்போல் 1676இல் இதே ஹௌட்டனில், நடுத்தர வசதியுள்ள நிலக்கிழார் குடும்பத்தில் பிறந்தவர். ஊழல் குற்றச்சாட்டில் 1712இல் லண்டன் கோபுரச் சிறையில் இருந்துவிட்டு வந்தவர், 1721 முதல் 1742 வரை நாட்டின் நிதியையும் அரசியலையும் தம் கைக்குள் வைத்திருந்தார். 1722இல் அடிக்கல் நாட்டி, 1735 அளவில் முடிந்த இந்த வீடு அந்த ஆட்சிக்காலத்தோடு சேர்ந்தே எழுந்தது. ஆண்டுக்கு இருமுறை அமைச்சர்களையும் ஆதரவாளர்களையும் இங்கே அழைத்து விருந்து வைத்து அரசியல் பேசுவது அவர் வழக்கம்.

உள்ளே முதலில் மனத்தில் நிற்பது கல் மண்டபம். நீளம், அகலம், உயரம் மூன்றும் 40 அடி. கணப்படுப்புக்கு மேலே ரோமானிய உடையில் வால்போலின் மார்பளவுச் சிலை இருக்கிறது. சுற்றிலும் ரோமப் பேரரசர்களின் தலைகள். தாம் யாருடைய வரிசையில் நிற்க விரும்பினார் என்பதை அவர் மறைக்கவே இல்லை.

என்னை அதிக நேரம் நிறுத்தி வைத்தவை கதவுகள். கருஞ்சிவப்பு மகோகனி மரத்தில் இழைத்த அந்தக் கனமான கதவுகளின் செதுக்கு வேலையை அருகில் நின்று பார்த்தால், மரத்தின் ரேகை நீரோட்டம்போல ஓடுவது தெரிகிறது. பிரிட்டனின் குடியேற்ற நாடுகளிலிருந்து வரும் மரத்துக்கு இறக்குமதி வரியை நீக்கியது வால்போலின் அரசுதான். அக்காலத்து மகோகனியில் பெரும்பகுதி, அடிமைகள் வெட்டி இழுத்த ஜமைக்கா மரம். அந்தச் சட்டத்தையும் இந்தக் கதவையும் சேர்த்துப் பார்க்கும்போது எனக்குக் கதவின் அழகு குறையவில்லை, ஆனால் அதைத் தொட்டுப் பாராட்டவும் மனம் வரவில்லை.

கட்டடக்கலைஞர் வில்லியம் கென்ட் வடிவமைத்த பச்சை வெல்வெட் கட்டில் அடுத்த வியப்பு. தலைமாட்டில் பெரிய சிப்பி ஒன்று விரிந்து நிற்கிறது. 1732இல் அதன் ஓரச் சரிகைக்கு மட்டும் 1,219 பவுண்டு செலவானது. ஒரு பண்ணைத் தொழிலாளி அன்று ஆண்டு முழுதும் உழைத்தாலும் 20 பவுண்டைத் தொடுவது அரிது.

ஓவியங்களைத் தேடிப் போகிறவர்கள் ஒன்றை அறிந்துகொள்ள வேண்டும். வால்போல் சேர்த்த புகழ்பெற்ற தொகுப்பு இங்கே இல்லை. கடனில் மூழ்கிய பேரன் 1779இல் அதை ரஷ்யப் பேரரசி கேத்தரினுக்கு விற்றுவிட்டார். அவற்றுள் பெரும்பாலானவை இன்று செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கின் ஹெர்மிடாஜ் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. 2013இல் சில மாதங்களுக்கு அவற்றில் பல இந்தச் சுவர்களுக்குத் திரும்பி வந்து மீண்டும் போய்விட்டன.

மதில் சூழ்ந்த 5 ஏக்கர் தோட்டம் அழகானது. பூச்செடிகளில் ஆர்வமுள்ளவர்கள் அதற்கென ஒரு மணி நேரம் ஒதுக்கலாம். மாளிகை இன்றும் ஒரு குடும்பம் வாழும் இல்லமாதலால் ஆண்டின் சில மாதங்களில் மட்டுமே திறந்திருக்கும். நாளைப் பார்த்துவிட்டுக் கிளம்புவது நல்லது. பூங்காவில் வெள்ளை மான்கள் மேய்வதைப் பார்த்தபடி தேவாலயம் வரை நடந்துவிடுங்கள். ஊரை நகர்த்தியவர், 1745இல் இறந்தபின், ஊர் விட்டுப்போன அந்தத் தேவாலயத்தில்தான் அடக்கம் செய்யப்பட்டார்.