கொழுப்புச் சதவீதம் காட்டும் எடை மெஷின்: நெடுநாள் அனுபவம்

ஏறத்தாழ மூவாயிரம் ரூபாய் கொடுத்து நான் வாங்கிய எடை மெஷின் இப்போது பாதி விலைக்கு வந்துவிட்டது. பாளையங்கோட்டையில் என்னோடு ஒரே ஜிம்முக்கு வரும் தம்பி ஒருவர், "விலை இறங்கிக் கெடக்கே, வாங்கிரலாமா அண்ணாச்சி?" என்று கேட்டார். கண்ணாடிப் பலகை, நான்கு உலோகத் தகடுகள், ஒரு செல்போன் ஆப் என்று இவை எல்லாம் ஒரே அச்சில் வருபவைதாம் என்பதால் அவற்றை விவரிக்கப் போவதில்லை. உடலெடையைக் கட்டுக்குள் வைத்துக்கொண்டே வலுவும் தசையும் கூட்ட நினைப்பவருக்கு இது எங்கே உதவுகிறது, எங்கே எரிச்சலைக் கிளப்புகிறது என்பதை மட்டும் எழுதுகிறேன்.

நியாயத்தை முதலில் சொல்லிவிட வேண்டும். எடையைப் பொறுத்தவரை இந்த மெஷின் இதுவரை என்னை ஏமாற்றியதில்லை. தையல் பிரிக்காத 25 கிலோ அரிசி மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஒரு முறையும், வெறுங்கையோடு ஒரு முறையும் ஏறிப் பார்த்தால், இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் மூட்டையில் அச்சிட்டிருக்கும் எடையோடு நூறு இருநூறு கிராமுக்குள் ஒத்துப்போகிறது. பாயின் மேலோ மேடுபள்ளமான தளத்தின் மேலோ வைக்காமல், காலைக்கடன் முடித்துக் காபி குடிப்பதற்கு முன்பு ஏறி நின்று, அன்றாட எண்ணைப் பொருட்படுத்தாமல் வாரச் சராசரியை மட்டும் பார்த்துவந்தால், உடல் எந்தத் திசையில் போகிறது என்பது தெளிவாகத் தெரிந்துவிடும்.

எடையோடு நின்றிருந்தால் இந்த மெஷினைக் கொண்டாடியிருப்பேன். அது நிற்பதில்லை, கொழுப்புச் சதவீதம், தசை அளவு, எலும்பு எடை, புரதம், 'உடல் வயது' என்று ஒரு ஜாதகத்தையே நீட்டுகிறது. இவற்றில் ஒன்றைக்கூட அது நேரடியாக அளப்பதில்லை. ஒரு பாதத்தின் வழியாக மிக மெல்லிய மாறுதிசை மின்னோட்டத்தைச் செலுத்தி, மறு பாதத்தின் வழியாக வெளிவரும்போது உடல் அதை எவ்வளவு தடுத்தது என்று பார்க்கிறது. நீர் நிறைந்த தசை மின்சாரத்தை எளிதாகக் கடத்தும், கொழுப்பு தடுக்கும். அந்தத் தடையோடு நம் உயரம், வயது, பாலினம், எடை ஆகியவற்றைச் சேர்த்து ஒரு சூத்திரத்தில் போட்டு வரும் விடைதான் திரையில் தெரிகிறது. மின்னோட்டம் ஒரு காலில் ஏறி மறு காலில் இறங்கிவிடுவதால், நம் ஊர் ஆண்களுக்குக் கொழுப்பு சேருகிற தொப்பையை அது எட்டிப் பார்ப்பதோடு சரி, நெஞ்சையும் கைகளையும் தொடுவதேயில்லை. ஆப்பில் 'விளையாட்டு வீரர்' என்ற தெரிவை அழுத்தினால், அதே ஆளுக்கு அதே நிமிடத்தில் கொழுப்பு மளமளவென்று இறங்குகிறது. சித்திரை வெயிலில் குதிகால் காய்ந்து பித்தவெடிப்பு விழுந்திருக்கும் நாட்களில் கொழுப்பு கூடிவிட்டதாகச் சொல்லும், இல்லையென்றால் வெறும் கோடுகளைக் காட்டும். பாதத்தை ஈரத்துணியால் துடைத்துவிட்டு ஏறினால் வேறொரு எண் வரும்.

என் அனுபவத்தில் மிகவும் கொதிப்பேற்றிய காலம் ஒன்று உண்டு. தோளில் பாரைச் சுமந்து உட்கார்ந்து எழும் ஸ்குவாட் பயிற்சியில் வெறும் 20 கிலோ பாரில் தொடங்கி, சிறிது சிறிதாக எடையேற்றி 80 கிலோவைத் தொட்டிருந்தேன். இந்திய ஆண்களுக்கு எல்லையாகச் சொல்லப்படும் 90 செ.மீ. இடுப்புச் சுற்றளவுக்குக் கீழே டேப்பும் இறங்கியிருந்தது. உடலெடை மட்டும் பெரிதாக மாறவில்லை. கொழுப்பு கரைந்து அந்த இடத்தைத் தசை நிரப்புகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் கிடையாது. அந்த நாட்களில்தான் ஆப், தசை குறைந்துவிட்டதென்றும் புரதம் போதாதென்றும் சிவப்பு எழுத்தில் அறிவித்தது. அந்தப் 'புரதம்' நான் சாப்பிடுவதைப் பார்த்துச் சொன்னதல்ல, சூத்திரத்தில் விழுந்த இன்னொரு எண். திரையைப் பார்த்துவிட்ட அம்மா, "கொறவுன்னு போட்டிருக்கே, ஒழுங்கா சாப்பிடுதியா இல்லியா?" என்று ஒரு வாரம் விடவில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐ.சி.எம்.ஆர். பொதுவாகப் பரிந்துரைக்கும் புரத அளவு உடலெடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 0.83 கிராம், நான் தசைக்காக 1.6 கிராம் கணக்கில், முட்டையும் கோழியும் உளுந்தஞ்சோறுமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். (உளுந்தஞ்சோற்றில் உளுந்தைவிட அரிசியே அதிகம் என்பதையும், எள்ளுத் துவையல் இருந்தால் இரண்டாம் முறை போட்டுக்கொள்ளாமல் எழ முடியாது என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.)

இதன் மறுபக்கமும் உண்டு. உடலில் தண்ணீர் எப்படியெல்லாம் ஏறி இறங்குகிறது என்பதைக் கற்றுக்கொடுத்தது இதே மெஷின்தான். மறுவீட்டில் சொதி விருந்தும் அல்வாவும் முடித்து வந்த மறுநாள் காலை ஒன்றரை கிலோ கூடியிருந்தது. ஒரு கிலோ கொழுப்பு சேர ஏறக்குறைய 7,700 கலோரி உபரியாக வேண்டும். எந்தச் சம்பந்தி வீட்டாராலும் ஒரே பந்தியில் அவ்வளவு பரிமாற முடியாது. சாப்பிட்ட மாவுச்சத்து உடலில் கிளைகோஜனாகச் சேமிப்பாகிறது, அதில் ஒவ்வொரு கிராமும் சுமார் மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்துவைக்கிறது. உப்பும் தன் பங்குக்குப் பிடித்துவைக்கும். மூன்று நாளில் எல்லாம் வடிந்துவிட்டது. வலுவுக்காக ஜிம்முக்குப் போகிறவர்கள் சாப்பிடும் கிரியேட்டின் பொடியைத் தொடங்கிய புதிதில் ஏறிய எடையும் இதே தண்ணீர்க் கணக்குதான் என்பது புரிந்ததால், பதறிப்போய்ச் சாப்பாட்டைக் குறைத்து ஸ்குவாட்டைக் கெடுத்துக்கொள்ளாமல் இருந்தேன். வாரச் சராசரி கையில் இல்லாதிருந்தால் அந்தப் பொறுமை வந்திருக்காது.

ஆனாலும் தம்பிக்கு என் பதில், வாங்க வேண்டாம் என்பதுதான். பாதி விலையும் அதிகம். போன் இல்லாமல் இயங்கும், எடையை மட்டும் காட்டும் சாதாரண மெஷின் ஒன்றும், தையல்காரர் வைத்திருக்கும் டேப் ஒன்றும், ஜிம்மில் எவ்வளவு தூக்கினோம் என்று எழுதிவைக்க ஒரு நோட்டும் போதும். இன்று காலைகூட என் உடல் வயதில் நான்கைக் கூட்டிக் காட்டியது என்பதால் இந்தப் பதிலில் கொஞ்சம் கோபமும் கலந்திருக்கலாம். சரி, பழையதையாவது கொடுங்கள் என்று அவர் கேட்டால், அதைக் கொடுப்பதாக இல்லை.