அப்டேட்டுக்குப் பின் கருப்புத் திரை: டிரைவரை மாற்றுவதா, அப்டேட்டை நீக்குவதா, ரீசெட்டா?

ராத்திரி பதினோரு மணிக்கு அக்கா மகளிடமிருந்து போன். "மாமா, லேப்டாப் அப்டேட் ஆகி ரீஸ்டார்ட் ஆச்சு. அப்புறம் எல்லாம் கருப்பு. மவுஸ் அம்பு மட்டும் நகருது." மறுநாள் காலை கல்லூரியில் புராஜெக்ட் ரிவ்யூ. சாயங்காலமே ஒரு கடைக்குத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறாள். கடைக்காரர் ஒருமுறை ஆன் செய்து பார்த்துவிட்டு, "ஃபார்மட் போட்டுடலாம்மா" என்றாராம். இவள் பயந்துபோய்த் திருப்பி எடுத்து வந்துவிட்டாள். யூடியூபைப் பார்த்து, கடைசியாக வந்த அப்டேட்டையும் தானே நீக்கியிருக்கிறாள். அப்படியும் கருப்பு போகவில்லை. "ஃபார்மட் போட்டா ஃபைல் எல்லாம் போயிடுமா மாமா?"

கருப்புத் திரைக்கு இணையத்தில் இருபது வைத்தியம் சொல்வார்கள். எது சுலபம், எது சீக்கிரம் முடியும் என்று பார்ப்பதைவிட, அவள் கேட்டது போல எதில் என்ன போகும் என்று பார்ப்பதுதான் சரி. அந்தக் கணக்கில்தான் இந்த ஒப்பீடு. எல்லாம் விண்டோஸ் 10, 11 பற்றியது.

அதற்கு முன் இரண்டு நிமிடச் சோதனை. அம்பு நகர்ந்தால் விண்டோஸ் உயிரோடு இருக்கிறது. கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜர் வந்தால், அதில் புது டாஸ்க் ஓட்டும் இடத்தில் எக்ஸ்ப்ளோரர் டாட் எக்ஸி என்று ஆங்கிலத்தில் அடித்துப் பாருங்கள். சில நேரம் டெஸ்க்டாப் அப்படியே எழுந்து வந்துவிடும். அம்புகூட இல்லையென்றால் கேப்ஸ் லாக்கைத் தட்டுங்கள். விளக்கு மாறி மாறி எரிந்தால் உள்ளே வேலை நடக்கிறது. விண்டோஸ், கண்ட்ரோல், ஷிஃப்ட், பி நான்கையும் ஒன்றாக அழுத்தினால் கிராபிக்ஸ் டிரைவர் (திரையில் படம் வரவைக்கும் மென்பொருள்; டிஸ்பிளே டிரைவர் என்பதும் இதுதான்) மறுபடி தொடங்கும். ஒரு சின்ன பீப் கேட்கும். போன் டார்ச்சைத் திரையில் சாய்வாக அடிக்கும்போது மங்கலாகப் படம் தெரிந்தால் திரைக்கு ஒளி தரும் பேக்லைட் போயிருக்கிறது. அது அப்டேட்டின் குற்றம் இல்லை, கீழே சொல்வது எதுவும் அதற்கு உதவாது. கருப்பில் வெள்ளை எழுத்து தெரிந்தால் அதுவும் வேறு கதை: 2025-இல் விண்டோஸ் 11-இன் பழைய நீலப் பிழைத் திரையையே கருப்பாக்கிவிட்டார்கள்.

இதில் எதுவும் பலிக்காதபோதுதான் உண்மையான போட்டி. என் கணக்கில் முதல் இரண்டு இடத்துக்கு மோதுபவை, சேஃப் மோடில் (விண்டோஸை அவசியமானவற்றோடு மட்டும் தொடங்கும் முறை) போய் டிஸ்பிளே டிரைவரைப் பழையதற்கு மாற்றுவதும், ரிக்கவரி திரையிலிருந்தே (விண்டோஸ் சரியாகத் தொடங்காதபோது வரும் பழுதுபார்க்கும் திரை) அப்டேட்டை நீக்குவதும். இரண்டிலும் உங்கள் கோப்புகளுக்கு ஆபத்து இல்லை. இரண்டுக்கும் வாசல் ஒன்றுதான்: லோகோ வரும்போது பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைப்பது, மறுபடி அதே, மூன்றாம் முறை விண்டோஸ் தானாக ரிக்கவரிக்குப் போகும். அப்டேட் பாதியில் ஓடிக்கொண்டிருக்கும்போது மட்டும் இதைச் செய்யாதீர்கள். பழைய ஹார்ட் டிஸ்க் மெஷின் என்றால் ஒரு மணி நேரம்கூடப் பொறுத்துப் பார்க்கலாம்.

அப்டேட்டை நீக்குவது சுலபம். அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸில் அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ் இருக்கிறது. மாதாந்திர அப்டேட்டா, பெரிய ஃபீச்சர் அப்டேட்டா என்று கேட்கும், ஒன்றைத் தொட்டால் போதும். ஃபீச்சர் அப்டேட்டுக்கு மட்டும் வழக்கமாகப் பத்து நாள்தான் கெடு. அதற்குமேல் பழைய விண்டோஸை அதுவே அழித்துவிடும். பலரும் கவனிக்காத சங்கதி வேறு. டிஸ்பிளே டிரைவரும் விண்டோஸ் அப்டேட் வழியாகவே வரலாம், ஆனால் அது தனிப் பொட்டலம். மாதாந்திர அப்டேட்டை நீக்கினால் டிரைவர் இருந்த இடத்திலேயே இருக்கும். அக்கா மகளுக்கு நடந்தது இதுதான். நீக்கியும் சரியாகவில்லை என்றதும் லேப்டாப்பே போய்விட்டது என்று முடிவு கட்டிவிட்டாள்.

சேஃப் மோடுக்குப் படிகள் கூடுதல்: அதே அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸில் ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ், ரீஸ்டார்ட், பிறகு 4 அல்லது 5-ஐ அழுத்த வேண்டும். சில மெஷின்கள் அங்கே பின் எண்ணை ஏற்காமல் முழுப் பாஸ்வேர்டைக் கேட்கும். இருந்தாலும் என் ஓட்டு இதற்குத்தான். சேஃப் மோடில் விண்டோஸ் உங்கள் கிராபிக்ஸ் டிரைவரை விட்டுவிட்டுத் தன்னுடைய அடிப்படை டிரைவரில் ஓடும். அங்கே திரை பளிச்சென்று வந்துவிட்டால், திரை நன்றாக இருக்கிறது, டிரைவர் மேல்தான் பெரும் சந்தேகம் என்று அந்த நொடியே தெரிந்துவிடும். அப்டேட்டை நீக்கிப் பார்ப்பது இருட்டில் கல்லெறிவது போல. பட்டால் சரி, படாவிட்டால் எதுவும் தெரியவராது. டிவைஸ் மேனேஜரில் டிஸ்பிளே அடாப்டரைத் திறந்து ரோல் பேக் டிரைவரைத் தொடுங்கள். பட்டன் மங்கிக் கிடந்தால் பழைய டிரைவர் சேமிப்பில் இல்லை என்று அர்த்தம். அப்போது டிரைவரை அன்இன்ஸ்டால் செய்துவிட்டு, லேப்டாப் தயாரித்த நிறுவனத்தின் தளத்திலிருந்து பழையதை இறக்கிப் போடலாம்.

2024 ஜூலை 19-ஐ நினைத்துப் பாருங்கள். கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு மென்பொருள் நிறுவனத்தின் அப்டேட் ஒன்றால் ஏறத்தாழ 85 லட்சம் விண்டோஸ் மெஷின்கள் விழுந்தன. அது நீலத் திரை, நம்முடையது கருப்பு. ஆனாலும் அன்றைக்குக் கையால் செய்த வைத்தியம் சேஃப் மோடில் போய் ஒரு கோப்பை அழிப்பதுதான். ஃபார்மட் தேவைப்படவில்லை. பலருக்கு வேலையை இழுத்தடித்தது பிட்லாக்கர் சாவி, அதாவது டிஸ்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதியைத் திறக்கும் எண்.

சேஃப் மோடுக்குப் போகும்போது எங்களையும் அதுதான் இழுத்தடித்தது. 48 இலக்கம், ஆறு ஆறாக எட்டுத் தொகுதி. நல்லவேளை, போனில் மைக்ரோசாஃப்ட் கணக்கைத் திறந்ததும் சாவி கிடைத்தது. அவள் படிக்கப் படிக்க அவள் அறைத்தோழி அடித்தாள். ஐந்தாவது தொகுதியில் ஓர் எண் தவறி, திரும்ப முதலிலிருந்து. டிரைவர் வேலையே இரண்டு நிமிடம்தான், சாவிக்குத்தான் கால் மணி நேரம். கல்லூரி, அலுவலக மெயிலில் லாகின் செய்த மெஷினென்றால் சாவி அந்த நிர்வாகத்திடம் இருக்கலாம். எந்த வழியில் இறங்குவதாக இருந்தாலும் முதலில் சாவியைத் தேடி வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு வம்பும் உண்டு. 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 11-க்கு வந்த அப்டேட்டில் ரிக்கவரி திரைக்குள் யூஎஸ்பி கீபோர்டும் மவுஸும் வேலை செய்யாமல் போயின. காப்பாற்ற வேண்டிய அறைக்கே பூட்டு! 20-ஆம் தேதி அவசரமாக ஒரு திருத்தம் விட்டார்கள்.

மூன்றாவது ஆள் சிஸ்டம் ரீஸ்டோர். டிரைவர், அப்டேட், ரெஜிஸ்ட்ரி (விண்டோஸின் அமைப்புகளைக் குறித்து வைக்கும் பதிவேடு) எல்லாவற்றையும் ஒரே மூச்சில் பழைய நாளுக்குக் கொண்டுபோகும், உங்கள் ஆவணங்களைத் தொடாது. காரணம் பிடிபடாதபோது நல்ல ஆயுதம். ஆனால் பல லேப்டாப்பில் இது ஆன் செய்யப்பட்டே இருக்காது; ரீஸ்டோர் பாயின்ட் இல்லையென்றால் பேச்சே இல்லை.

நான்காவது ரீசெட், அதாவது விண்டோஸையே புதிதாக நிறுவுவது. அதில் 'கீப் மை ஃபைல்ஸ்' என்பதைப் பார்த்துப் பலர் நிம்மதி அடைகிறார்கள். ஃபைல் இருக்கும், சரி. நீங்கள் நிறுவிய மென்பொருள் அத்தனையும் போகும். டேலி, ஆட்டோகேட் வைத்திருப்பவர்களுக்குப் பாதி நாள் வேலை. கிளவுட் டவுன்லோடைத் தேர்ந்தெடுத்தால் நான்கு ஜிபி அளவுக்கு டேட்டாவும் வேண்டும். ஹாட்ஸ்பாட்டில் இருப்பவர்கள் யோசித்துக்கொள்ளுங்கள்.

கடை ஃபார்மட் கடைசி இடம். கடைக்காரர்மேல் கோபமில்லை, அவருக்கு அது நேரம் மிச்சம். ஆனால் 'சி டிரைவ் மட்டும்தான் போகும்' என்பார்கள். டெஸ்க்டாப்பும் டவுன்லோட்ஸும் சி டிரைவில்தானே இருக்கின்றன? இப்போது வரும் பல லேப்டாப்பில் டி டிரைவே கிடையாது. போட்டே ஆக வேண்டுமென்றால் முதலில் டேட்டாவை வெளியே எடுத்துத் தரச் சொல்லுங்கள். லேப்டாப்போடு வந்த அதே விண்டோஸ் பதிப்பைப் போடச் சொல்லுங்கள். ஒரிஜினல் லைசென்ஸ் பெரும்பாலும் மதர்போர்டிலேயே பதிந்திருப்பதால் தானே ஆக்டிவேட் ஆகிவிடும்.

சரியானதும் அப்டேட்டைச் சில வாரம் நிறுத்தி வையுங்கள். ஐந்து வாரம் வரை விண்டோஸே அனுமதிக்கும். இல்லாவிட்டால் அதே டிரைவர் திரும்ப வந்து உட்காரும். அக்கா மகள் இதைச் செய்ய மறந்தாள். ரிவ்யூ முடிந்து நான்காம் நாள் மறுபடி போன்: "மாமா, திரும்பக் கருப்பு. ஆனா இந்தத் தடவை நானே ரோல் பேக் பண்ணிட்டேன். அந்த நிறுத்தி வைக்கறது எங்க இருக்கு?"