க்வென்யாவா, சிந்தரினா?

'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' எழுதிய டோல்கின், தன் கதைகளில் வரும் எல்ஃப் இனத்துக்காகப் புனைந்த மொழிகள் க்வென்யாவும் சிந்தரினும். அவற்றைக் கற்க இறங்குபவர்களில் பலர் க்வென்யாவில்தான் முதல் அடி வைப்பார்கள். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். ஆறு மாதத்தில் சிந்தரினுக்குத் தாவிவிட்டேன்.

க்வென்யாவுக்கு ஃபின்னிஷ் சாயல், சிந்தரினுக்கு வெல்ஷ் சாயல் என்பதெல்லாம் தெரிந்த கதை. இரண்டும் 'பொது எல்தரின்' என்ற தாயிடமிருந்து பிரிந்ததாக டோல்கின் வகுத்திருக்கிறார். 'சொல்' என்பதற்கான வேர் க்வென்யாவில் 'க்வெத்' என்றே நிற்கிறது. சிந்தரினில் 'பெத்', அதுவும் கடைசி ஒலி மெலிந்து. அன்னப்பறவை அங்கே 'அல்க்வா', இங்கே 'அல்ஃப்'. லத்தீனில் நான்கு 'க்வாட்டுவோர்', வெல்ஷில் 'பெத்வார்': 'க்வ' இதழொலியாக மாறும் அதே தடம்தான். தந்தை அங்கே 'அத்தர்', இங்கே 'அதர்'. உயிர்களுக்கு நடுவே வல்லினம் மெலிவதைத் தமிழனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

க்வென்யா பழமையைக் காப்பது என்பதும் பாதி உண்மைதான். மரத்துக்கு மூலச்சொல் 'கலதா'. முதல் ககரத்தைத் தொலைத்து 'அல்தா' ஆக்கியது க்வென்யா. சிந்தரினின் 'கலத்'தில் அது பத்திரமாக இருக்கிறது.

சிந்தரினின் தலைவலி, சொற்கள் உருமாறுவது. 'மெல்லொன்' என்றால் நண்பன். முன்னால் 'இ' என்ற சுட்டு வந்தால் 'இ வெல்லொன்'. அகராதியில் வகர வரிசையில் தேடினால் கிடைக்காது. பன்மையும் லேசுப்பட்டதல்ல: மனிதன் 'அதன்', மனிதர்கள் 'எதைன்'. முதல் மாதம் இவற்றைப் பட்டியல் போட்டு மனப்பாடம் செய்து வெறுத்துப்போனேன். அப்புறம்தான் புரிந்தது. பழைய பன்மை ஈற்றில் ஓர் 'ஈ' இருந்தது. முன்னிருந்த உயிர்களைத் தன் பக்கம் இழுத்துவிட்டு அது உதிர்ந்துபோனது. ஆங்கிலத்தில் 'மேன்' பன்மையில் 'மென்' ஆனதும் இந்த வழியில்தான். 'வெல்லொன்' கதையும் அதேபோல: சுட்டின் உயிருக்கும் அடுத்த உயிருக்கும் நடுவே மாட்டிக்கொண்ட மகரம், 'அதர்' போலவே மெலிந்துவிட்டது. சொல்லுக்குள் நடந்த விதி சொல்லெல்லையைத் தாண்டியிருக்கிறது, அவ்வளவே. ஒலிமாற்றத்தை ஒருமுறை கற்றுக்கொண்டால் பட்டியலைத் தூக்கிப் போட்டுவிடலாம். அன்றிலிருந்து க்வென்யாவின் சீரான 'அத்தன் – அத்தனி' எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது.

வினைச்சொற்களில் மட்டும் என் கை இன்னும் பழகவில்லை. இறந்தகாலம் எழுதும்போது பாதி ஊகம்தான். மோதிரத்தில் பெயர் பொறிக்க, வாழ்த்து அட்டையில் ஒரு வரி எழுத என்றால் க்வென்யாவே போதும். தேடிய சொல் அகராதியில் அதே எழுத்தில் கிடைக்கும்.